அக்கா வாங்கிக் குவித்த செடிகள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கையில் பால்கோவா இருக்கும். என் அக்காவும் நானும் வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய் வந்தோம். ஒவ்வொரு முறையும் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் ஏதாவது ஒரு செடியோடுதான் ராஜபாளையத்தில் வந்து இறங்கினோம். அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷினோடு நாலு மணி நேரம் படுத்துக் கிடந்துவிட்டு, வெளுத்துத் துவண்டு வெளியே வருவாள். ஆட்டோவில் ஏற்றி உட்கார வைத்தால் தலை என் தோளில் சாயும். ஊரைத் தாண்டியதும் சாலையோரம் ஒரு நர்சரியின் பச்சை வலைக் கூரை தெரியும். அதைக் கண்டதும் சாய்ந்த தலை நிமிர்ந்துவிடும்.

"ஏட்டி, செத்த நேரம் நிறுத்தச் சொல்லு. சும்மா பாத்துட்டு வந்துருவோம்."

சும்மா பார்த்துவிட்டு வந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது.

நான் அவளுக்கு இளையவள். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற ஒரு கம்பெனியில் துணி வெட்டும் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு ராஜபாளையத்துக்கு, அக்காவோடு இருக்கலாம் என்று வந்துவிட்டேன். அவளும் தனியாகத்தான் இருந்தாள். பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பிய அத்தான் அதிக நாள் இருக்கவில்லை. ஒரே மகனும் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே போய்விட்டான். அளந்து, கோடு போட்டு, மறுபடி ஒரு தடவை அளந்து, அதற்குப் பிறகு கத்தி வைக்கிற தொழில் என்னுடையது. அக்காவுக்கு அளவு என்பதே கிடையாது. மாடியில் இடம் இருக்கிறதா, வெயில் எந்தப் பக்கம் விழும், குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வரும் என்று எதையும் யோசிக்க மாட்டாள். பார்ப்பாள், பிடித்துவிடும், வாங்கிவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இந்தக் கோட்டி, இந்தச் செடிப் பைத்தியம், உண்டு. சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவோம். அருவியில் நின்று உடம்பு விறைத்து, ஈரத் தலையோடு வெளியே வந்தால் கிராம்பு, ரம்புட்டான், மங்குஸ்தான் என்று கன்றுகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் நம் வீட்டு மாடியிலும் இதே சாரல் அடித்துக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு வந்துவிடும். கன்றை மடியில் வைத்துக்கொண்டு புளியங்குடி, சிவகிரி, சேத்தூர் என்று பஸ்ஸில் வருவோம். ராஜபாளையத்தில் இறங்கும்போதே முதுகு வேர்த்துவிடும். புரட்டாசி வெயிலுக்கு முன்னால் கன்று மண்டையைப் போட்டுவிடும். அடுத்த வருடம் சாரலுக்குப் போய் மறுபடியும் வாங்குவோம். அக்கா வருடம் தவறாமல் கிராம்புக் கன்று வாங்கினாள். இன்னுமா புத்தி வரவில்லை என்று கேட்டால், "போன வருசம் வாங்குனது நோஞ்சான். இதப் பாரு, எம்புட்டுத் தெம்பா இருக்குன்னு" என்பாள்.

விதைகளின் கதை அதைவிட மோசம். பாக்கெட்டின் மேலே இருக்கிற படத்தைப் பார்த்தே வாங்குவாள். காரட், முட்டைக்கோஸ், ஊதாப் பூக்கோசு. இந்தச் சூட்டுக்கு இதெல்லாம் வராது என்று விதைக்கடைக்காரரே சொன்னாலும், "வராட்டாப் போகுது, குடுங்க" என்று வாங்கி வருவாள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டில் முட்டை வைக்க இடம் இருந்ததே இல்லை. எல்லாம் விதைப் பாக்கெட்டுகள். விதைத்ததைவிட, விதைக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்ததுதான் அதிகம்.

நோய் வந்ததும் இந்தப் பழக்கம் தானாக அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை, கூடிப்போனது. ஆட்டோக்காரருக்கும் பழகிவிட்டது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருப்பவர். நர்சரி வரும்போது யாரும் சொல்லாமலே வேகத்தைக் குறைப்பார். நான் முறைப்பேன், அவர் சிரித்துக்கொண்டே ஓரங்கட்டுவார். ஆஸ்பத்திரிப் படியில் இறங்க என் கையையும் நர்ஸின் கையையும் பிடித்துக்கொள்கிறவள், நர்சரிக்குள் தானாக நடந்து போவாள். செம்பருத்தியின் இலையைத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பாள். பிச்சிப்பூவை ஒரு விரலால் தொடுவாள். அதற்காகவே நான் ரொம்பவும் சண்டை போடாமல் இருந்தேன்.

டாக்டர் அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு வைத்திருந்தார். காப்பி, குழம்பு, மாத்திரைக்குக் குடிக்கிற மடக்கு எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். கூடினால் மூச்சுத் திணறும். தண்ணீரை அளந்து கொடுக்கிற வேலை எனக்கு. சித்திரை மாதத்தில் ஒரு மனுஷிக்கு அப்படி அளந்து கொடுப்பது என்ன பாவம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ராத்திரி உதட்டை நனைத்துக்கொள்ள ஒரு துண்டு ஐஸ் கேட்பாள். அது கரைந்து முடிகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள்.

குழாயில் தண்ணீர் வந்த ஒரு நாள், நான் கீழே குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று அக்காவின் சத்தமே காணோம். மாடிக்கு ஓடினேன். ரப்பர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டிகளுக்கு நடுவே நின்றாள். சேலை முந்தானை நனைந்திருந்தது.

"குடிச்சியாக்கா? உண்மையச் சொல்லு."

"குடிக்கலட்டி. அதுக குடிக்கிறதப் பாக்கேன்." குழாயைக் கத்தரிச் செடியின் அடியில் பிடித்தாள். "காஞ்ச மண்ணு உறிஞ்சுற சத்தம் கேக்கா? அதக் கேட்டா எனக்கே தொண்டை நனைஞ்ச மாதிரி இருக்கு."

திட்டுவதற்கென்று படியேறிப் போனவள் நான். அவள் எல்லாத் தொட்டிக்கும் ஊற்றி முடிக்கிற வரை நின்றுவிட்டு, குழாயை வாங்கிச் சுருட்டி வைத்தேன்.

அதற்குப் பிறகு உடம்பு வேறு பக்கம் திரும்பியது. மிஷினோடு இணைப்பதற்காகக் கையில் ஆபரேஷன் செய்து வைத்திருந்த ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. மதுரைக்குப் போய் வேறு இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். இதயமும் பலவீனமாக இருக்கிறது என்றார்கள். இதையெல்லாம் டாக்டர் சொன்ன அன்று, திரும்பி வரும்போது ஆட்டோக்காரர் வழக்கம்போல நர்சரி அருகே வேகத்தைக் குறைத்தார்.

"போங்க தம்பி, போங்க" என்றாள் அக்கா.

எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு வழியாக இந்தப் பைத்தியம் தெளிந்ததே என்று நினைத்தேன். அடுத்த முறையும் அவள் நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கும் அடுத்த முறை, பச்சை வலை இருந்த பக்கம் முகத்தைத் திருப்பக்கூட இல்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் அக்கா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அன்று சாயங்காலம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நான் மதுரைக்கு வரல. வில்லிபுத்தூருக்கும் இனி வரல. இம்புட்டுப் போதும்."

கீரையைத் தட்டோடு தள்ளிவிட்டேன். என்னென்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. மறுநாள் டாக்டரிடம் ஓடினேன். அவர் என்னைவிடப் பொறுமையாக இருந்தார். அக்கா ஏற்கெனவே அவரிடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். மிஷினை நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரம் இருக்கலாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள மருந்து தருகிறேன் என்றார். அவள் பயத்தில் பேசவில்லை, யோசித்துத்தான் பேசுகிறாள் என்றும் சொன்னார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அந்த நர்சரியில் போய் இறங்கினேன். அங்கே தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. ஒரு சப்பட்டை மாங்கன்று கேட்டேன். எங்கள் ஊர் மாம்பழம் அது, அக்காவுக்கு உயிர். தண்டு நேராக இருக்கிறதா, ஒட்டுப் போட்ட இடம் நன்றாகக் கூடியிருக்கிறதா, புதுத்துளிர் விட்டிருக்கிறதா என்று துணி பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தேன். இரண்டு மூன்று வருடத்தில் காய்த்துவிடும் என்றார்கள். அந்த இரண்டு மூன்று வருடத்தைத்தான் நான் விலை கொடுத்து வாங்கினேன்.

அக்கா கன்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சிரித்தாள்.

"நல்ல கன்னுதான். ஆனா நீ ஆசப்பட்டு வாங்கல. எனக்கு மாத்திரை வாங்குத மாதிரி வாங்கிட்டு வந்துருக்க."

"நீ வாங்குனதெல்லாம் மட்டும் எதுக்கு வாங்குன?"

"எனக்கே தெரியாதுட்டி. பாத்தாக் கை தானா அது பக்கம் போயிரும். இப்பக் கை போகல. அம்புட்டுதான்."

"நீ போயிட்டா நான் என்ன செய்வேன்? அதச் சொல்லு மொதல்ல."

அவள் கன்றைச் சுவரோரம் நகர்த்தி வைத்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதோம்.

அக்கா மகன் லீவு போட்டு வந்தான். ஒரு பகல் முழுக்க அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்தவன், "சித்தி, அம்மா தெளிவா இருக்கா. நாம வற்புறுத்த வேண்டாம்" என்றான். ராணுவத்தில் இருப்பவன், குரல் உடையாமல் சொல்லிப் பார்த்தான். முடியவில்லை.

மிஷினுக்குப் போக வேண்டிய நாள் வந்தது. காலையில் வழக்கமான நேரத்துக்கு வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. அக்கா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. மகன் என்னைப் பார்த்தான். அவனைச் சொல்ல வைக்க எனக்கு மனசில்லை. நானே வாசலுக்குப் போனேன்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றேன்.

"அப்ப நாளைக்கு வரட்டாக்கா?"

"இல்ல. இனி வேண்டாம்."

அவருக்குப் புரிந்துவிட்டது. சரிக்கா என்று சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்பாமல் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

அதற்கு மறுநாளே அக்கா செடிகளைக் கொடுக்கத் தொடங்கினாள். மகன் அவளைத் தூக்கிக்கொண்டு போய் மாடியில் நாற்காலியில் உட்கார வைத்தான். உடம்பு விசாரிக்க வந்தவர்கள் எல்லோரையும் மேலே வரச் சொன்னாள். "இந்தப் பிச்சி ஒனக்கு, இதுக்குக் காலை வெயில் போதும். இந்தச் செம்பருத்தி அவியளுக்கு, வாரம் ஒருக்கா வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்லு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறி வந்தவர்கள், செடியைப் பார்த்ததும் மாறிப்போனார்கள். அது என்ன நிறத்தில் பூக்கும், இதில் இன்னொரு கன்று இருக்கிறதா என்று கேட்டார்கள். எதிர்வீட்டில் இருப்பவர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். அந்த வீட்டம்மா போதும் போதும் என்பதை "சாலு, சாலு" என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே நாலாவது தொட்டியையும் தூக்கினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அக்கா அவரைப் பார்த்து அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தாள். ஃபிரிட்ஜிலிருந்த விதைகளும் தீர்ந்தன. மாங்கன்றை ஆட்டோக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். அவருக்கு மகாராஜபுரத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. "தொட்டில நிக்காது தம்பி, அதுக்குத் தரை வேணும்" என்றாள்.

எல்லாம் போன பிறகு மாடியில் தொட்டிகள் இருந்த இடத்தில் வட்ட வட்டமாக ஈரக்கறை மட்டும் மிச்சம் இருந்தது. நான் துடைப்பத்தோடு நின்றேன்.

"ஊருக்கெல்லாம் குடுத்த. எனக்கு ஒண்ணுகூட வைக்கலயே?"

"வேணும்னுதான் வைக்கல."

"ஏன்?"

"ஒனக்குச் செடி வளக்க வராது. ஒண்ணொண்ணாப் பட்டுப்போகும். ஒவ்வொண்ணு பட்டுப்போகையிலயும் நான் செத்ததா நெனச்சு ஒக்காந்து அழுவ. ஒரு தடவ அழுதாப் போதும்ட்டி."

அந்த வாரமே, விடிகிற நேரத்தில், தூக்கத்திலேயே அக்கா போய்விட்டாள். மகன் காரியம் முடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினான். இப்போது மாடியில் துணி மட்டும் காயப்போடுகிறேன். ஒரு செடி கிடையாது, பட்டுப்போவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நான் என்னென்ன செய்வேன் என்று அவளுக்கு எப்போதும் தெரியும், ஆனால் இந்த ஒன்றில் அவள் நினைத்தது தப்பு. மாடிக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அழுகிறேன்.