அண்ணனின் கௌதாரியும் டேய் என்ற நாயும்

எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் டேய். வெள்ளைக்காரர் வைத்த பெயர் வேறு. அது யார் வாயிலும் நுழையவில்லை. நான் அதைக் கூப்பிட்டதெல்லாம் திட்டுவதற்காகத்தான் என்பதால் "டேய்" என்பதே நிலைத்துவிட்டது.

என் வீட்டுக்காரர் கீரனூர்ப் பக்கம் ரோடு போட வந்த வெள்ளைக்கார எஞ்சினியரிடம் டிரைவராக இருந்தார். உலகச் சண்டை தொடங்கியதும் எஞ்சினியர் ஊருக்குக் கிளம்பினார், நாயை இவரிடம் விட்டார். சில மாதத்தில் இவரும் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனார், நாயை என்னிடம் விட்டார். "டெரியர் ஜாதி. எலி வளைக்குள்ள போயி எலியப் புடிக்கிறதுக்குன்னே வளத்ததாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எலியோடு நிற்காது என்று சொல்லவில்லை.

முழங்கால் உயரம்கூட இல்லை. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் காப்பிக்கொட்டை நிறம். ஓடுகிற எதையும் அதனால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. முதல் மாதத்திலேயே பக்கத்து வீட்டுக் கோழிகள் நான்கு போயின. எங்கள் பூனை கூரைமேல் ஏறியது, மழைக்காலம் வரை இறங்கவில்லை. தபால்காரர் தெருமுனையிலேயே நின்று கடிதத்தை நீட்டுவார். தன்னைவிட மூன்று மடங்கு பெரிய நாயோடு சண்டைக்குப் போய்க் காது கிழிந்து வரும், காயம் ஆறுவதற்குள் மறுபடி போகும். தோற்றோம் என்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஊரில் எல்லோரும் என்னோடு சண்டை போட்டார்கள், நானும் எல்லோரோடும் சண்டை போட்டேன். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். நாய்க்கு ஏற்ற எசமானி என்று என் காதுபடவே பேசினார்கள்.

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, அங்கே கடையில் வேலை பார்த்த என் அண்ணன் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். போகும்போது அண்ணியோடு போனவர் தனியாக வந்தார். வாசலில் நின்ற ஆளைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. டேய் மட்டும் குலைக்காமல் போய் அவர் காலை மோந்து பார்த்தது. அன்றிலிருந்து அவர் கட்டிலுக்கு அடியில்தான் அது படுத்தது.

அண்ணனுக்கு இருமல் விடவில்லை. மருந்து ஒரு பக்கம் ஓடியது. பொழுது போகட்டும் என்று எங்கள் ஆத்தா, குருவி பிடிக்கிறவனிடம் சொல்லி ஒரு கௌதாரிக் குஞ்சை வாங்கிக் கொடுத்தாள். "ஏன் ஆத்தா, இந்த வீட்டுல கௌதாரியா? நாளைக்கி எறகு மட்டுந்தான் மிஞ்சும்" என்றேன்.

அண்ணன் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு டேயைப் பக்கத்தில் படுக்கவைத்தார். அதன் உடம்பு விறைக்கும். காது முன்னால் வரும், ஒரு முன்னங்கால் தானாக மேலே தூக்கும், வால் நுனி நடுங்கும். அப்போது அண்ணன் கையால் அதன் கண்ணை மூடி "ம்ஹூம்" என்பார், அவ்வளவுதான். அடித்ததில்லை, அதட்டியதும் இல்லை. ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது அந்த ம்ஹூம் கேட்கும். இருபது நாள் கழித்து ஒருநாள் பார்க்கிறேன், கௌதாரி கூண்டுக்கு வெளியே கரையான் கொத்திக்கொண்டிருக்கிறது. டேய் அதைப் பார்த்தது, பிறகு தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "வந்து பாருங்க, எங்க நாயி கௌதாரியக் கூடப்பொறந்ததா நெனைக்குது" என்று கோழி போனவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன்.

சாயங்காலத்தில் அண்ணன் புதர்க்காட்டுப் பக்கம் நடப்பார். அவருக்குப் பின்னால் கௌதாரி குடுகுடுவென்று ஓடிவரும். அதற்கும் பின்னால், தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே, டேய் வரும். அண்ணன் பத்தடிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்ப்பார். "அது எங்கயும் போகாதுண்ணே, ஏன் இப்பிடிப் பாத்துக்கிட்டே நடக்குறீங்க?" என்று ஒருநாள் கேலியாகக் கேட்டேன்.

"ஒங்கண்ணி எனக்குப் பின்னாலதான் வந்தா. மலைப்பாதை, ஒத்த ஆளுதான் போகலாம். ரொம்ப நேரம் திரும்பிப் பாக்கல தங்கச்சி. பாத்தப்ப வேற யாரோ வந்துக்கிட்டு இருந்தாக" என்றார். அந்த வழியைப் பற்றி அவர் சொன்னது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு நான் அவரைக் கேலி செய்யவில்லை.

எட்டு மாதம் இருந்தார். கடைசி வாரத்தில் என்னைக் கூப்பிட்டு, "நான் போன பெறகு கௌதாரியக் கூண்டுல வச்சிராத. புதருப் பக்கம் கொண்டுபோயி விட்டுரு. அது உசிரோட போனாப் போதும் எனக்கு. நாயக் கட்டிப் போட்டுட்டு விடு" என்றார்.

"அதான் தொடுறதே இல்லயேண்ணே."

"நான் பாத்துக்கிட்டு இருக்கேன்ல, அதான் தொடல" என்று சிரித்தார். நோயாளியின் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் கருமாதி. கூட்டம் வருமே என்று காலையிலேயே டேயைக் கொல்லைப்புறம் கட்டியிருந்தேன். பதினாறு நாளும் அது சரியாகத் தின்னவில்லை, கட்டிலடியை விட்டுத் தானாக வரவும் இல்லை. ஆண்கள் சாப்பிட்டுக் கொண்டிருந்த நேரத்தில் நான் கூண்டை எடுத்தேன். என் பெரியாத்தா, ஆத்தாவுக்கு அக்கா, பெண்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு உரக்கச் சொன்னாள்: "கௌதாரிய விடப் போறியா? நாயக் கட்டிருக்கியான்னு பாருடி. அந்தச் சனியன் காலு வச்சதுலருந்துதான் இந்த வீட்டுல எழவு விழுகுது."

பதினாறு நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் என் தலைக்கு ஏறியது. கட்டிலடியில் பட்டினி கிடந்த ஜீவனையா சனியன் என்கிறாள்? "என் நாயப் பத்தி எனக்குத் தெரியும்" என்று கத்தினேன். எல்லோரும் பார்க்கக் கயிற்றை அவிழ்த்தேன். "டேய், வாடா" என்று கூப்பிட்டுக்கொண்டு, கூண்டோடு காட்டுப் பக்கம் நடந்தேன்.

வேலியோரத்தில் அதை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்க் கூண்டைத் திறந்தேன். கௌதாரி வெளியே வந்து, நின்று, மண்ணைக் கொத்தியது. போ, போயிரு என்றேன். அண்ணனையே அனுப்பி வைப்பதுபோல இருந்தது. கொள்ளி வைத்தவர் சுடுகாட்டிலிருந்து திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்பார்கள். பார்த்தால் போகிற உயிர் போகாதாம். நான் கொள்ளி வைத்தவள் இல்லை, இது சுடுகாடும் இல்லை. இருந்தாலும் எனக்கு அதுதான் மனதில் வந்தது. காலிக் கூண்டை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

பின்னால் சருகு சத்தம் கேட்டது. காற்று என்று நினைத்தேன்.

வேலிக்குப் பத்தடி இருக்கும்போது டேயின் முகத்தைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காது முன்னால் வந்திருந்தது. ஒரு முன்னங்கால் மேலே தூக்கியிருந்தது. அண்ணன் பின்னால் நடந்து பழகிய கௌதாரி, நடக்கிறவர் யாராயிருந்தாலும் பின்னால்தான் வரும் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. ம்ஹூம் என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு ஏதோ ஓர் அலறல்.

பாய்ந்து கவ்வி ஒரே உதறல்தான். எலியை உதறுவதுபோலவே.

வேலியில் கிடந்த குச்சியை எடுத்து அடித்தேன். குச்சி ஒடிகிறவரை அடித்தேன். ஊர் நாயெல்லாம் சேர்ந்து கடித்தாலும் ஓடாத நாய், அப்போதும் ஓடவில்லை. என்னைப் பார்த்து ஒரு பல்லைக்கூடக் காட்டவில்லை. கௌதாரியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் படுத்து, தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

அதைப் பார்த்ததும் என் கை விழுந்துவிட்டது. அந்தத் திரும்பலை நான் எட்டு மாதமும் பாசம் என்றே எண்ணியிருந்தேன். ஒவ்வொரு முறையும் அது தன் பிறவிக் குணத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறது, அண்ணன் ஒருவருக்காக. அவருக்கு அது தெரிந்திருந்தது. என்னிடம் தெளிவாகச் சொல்லவும் செய்தார். அடி வாங்க வேண்டியவள் நான்தான்.

கையாலேயே குழி பறித்துப் புதைத்தேன். எங்கே மண்ணைக் கண்டாலும் தோண்டுகிற நாய், அந்த இடத்தை மட்டும் பிற்பாடு ஒருநாளும் தோண்டவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருஷம் எங்களோடு இருந்தது. நான் அதை அடிக்கவில்லை. யாரையும் கூட்டிவந்து காட்டவும் இல்லை.

வீட்டுக்குள் வந்தபோது ஆத்தா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். மகன் போனதிலிருந்து அவள் ஒருவாய்க் கஞ்சிக்கு மேல் இறக்கியதில்லை. என் கையிலிருந்த காலிக் கூண்டைப் பார்த்தாள்.

"பறந்துருச்சா?"

"பறந்துருச்சு ஆத்தா."

"திரும்பிப் பாத்துச்சா?"

"இல்ல ஆத்தா."

"அப்ப எம்புள்ள நிம்மதியாப் போயிட்டான்" என்று சொல்லி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எலையப் போடு, பசிக்குது."

நகத்திலிருந்த மண்ணைக் கழுவக்கூட நிற்காமல், நான்தான் அவளுக்குச் சோறு போட்டேன்.