மில்லுச் சேலை

எனக்கு வாய் நீளம். திருச்சுழியில் எங்கள் காம்பவுண்டில் இருக்கிற ஆறு வீட்டுக்காரர்களையும் கேட்டுப் பாருங்கள், சண்முகவடிவு என்றாலே முகத்தைச் சுளிப்பார்கள். அந்த வாயால்தான் பக்கத்து வீட்டுத் தெரசாளை மில்லுக்கு அனுப்பினேன். அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நடுவில் என் கதையும் வந்துவிடும், அது வராமல் இதை எப்படிச் சொல்ல?

எண்பத்தெட்டில் கல்யாணமாகி வந்தாள். புருஷன் யேசுதாசனுக்கு எம்.ரெட்டியபட்டியில் மூன்று ஏக்கர் கரிசல், மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் கட்டாந்தரை. அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். தெரசாள் பிளஸ் டூ படித்தவள். ஊரில் புதிதாக ஆரம்பித்த நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர் வேலை கிடைத்தது. சம்பளம் முந்நூற்றைம்பது. அந்தச் சம்பளத்துக்கு அம்மாடி, அவளுக்கு இருந்த சந்தோஷம்! சாயங்காலம் கை நிறையச் சாக்பீஸ் பொடியோடு வருவாள். பாத்திரம் துலக்கும்போதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டையே பாடிக்கொண்டிருப்பாள். "இன்னைக்கு ஒருத்தன் என்னைய அம்மான்னு கூப்பிட்டுட்டான்க்கா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஏனென்றால் அந்த வீட்டில் கடன் இருந்தது. யேசுதாசன் நிலத்தில் தண்ணீருக்குப் போர் போட்டான். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கிற ஒருத்தர் நடக்க, தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில் துளை போட்டார்கள். முந்நூறு அடி வரைக்கும் வெறும் புகைதான் வந்தது. அத்தோடு விட்டானா? அதே தேங்காயை நம்பி இன்னொரு துளை போட்டான். பணம் கொடுத்த பருத்திக் கமிஷன் கடைக்காரரிடம் நிலத்துப் பத்திரம் போய் உட்கார்ந்துகொண்டது.

தொண்ணூற்றொன்றில் சுஜிதா பிறந்தாள். மூன்று மாதமானதும் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள் தெரசாள். என் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்குப் போகிற வயது. வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றப் போய்விடுவார். மாதம் நூறு ரூபாய் பேசிக்கொண்டோம். வேலைக்குப் போகிற தாய்மார் எங்கள் பக்கத்தில் செய்வது ஒன்று உண்டு. முந்தின நாள் உடுத்திக் களைந்த சேலையைத் துவைக்காமல் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதில் தொட்டில் கட்டினால் தாயின் வாசம் இருக்கும், பிள்ளை அழாது. சுஜிதாவும் அப்படித்தான், அந்தச் சேலையில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு அரை நிமிஷத்தில் தூங்கிவிடுவாள்.

ஒருநாள் வட்டி கேட்டுக் கடையிலிருந்து ஆள் வந்து, வாசலில் நின்று சத்தம் போட்டான். அவன் போனதும் நான் ஆரம்பித்தேன்.

"பிள்ளைகளோட பாடிக்கிட்டுத் திரிஞ்சா வட்டி அடையுமா? அருப்புக்கோட்டைப் பக்கம் நூல் மில்லுக்கு வேன் போகுதுல்ல? எண்ணூறு ரூவா தாரான்."

"எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்குக்கா."

"பிடிச்சது பிடிக்காததெல்லாம் கடன் இல்லாதவுகளுக்கு. உனக்கு என்னடி?"

மறுவாரம் வேனில் ஏறிவிட்டாள். விடியுமுன் போகவேண்டியிருந்ததால் பிள்ளை பார்க்கும் கூலியை நூற்றைம்பதாக்கிக் கேட்டதும் நான்தான். முகம் கோணாமல் கொடுத்தாள்.

மூன்று மணிக்குத் திரும்பி வருவாள். தலை, புருவம், காது மடல் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். மில்லுச் சத்தத்தில் நின்று நின்று பேச்சே உரத்துப் போனது. பாட்டு நின்றுவிட்டது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வட்டி கட்டினாள், அதுதான் பெரிதாகத் தெரிந்தது. வழக்கம்போலக் களைந்த சேலையைக் கொடுத்துவிட்டுப் போனாள், நானும் வழக்கம்போலத் தொட்டில் கட்டினேன்.

மூன்று மாதத்தில் பிள்ளைக்கு இளைப்பு வந்துவிட்டது. மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் மாதிரி சத்தம். அருப்புக்கோட்டை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். பிள்ளை எதில் படுக்கும் என்று கேட்டார். "என் சேலையிலதான் சார் நல்லாத் தூங்கும்" என்று பெருமையாகச் சொன்னாள் தெரசாள். என்ன வேலை என்று அடுத்த கேள்வி. மில்லு என்று சொல்லும்போதே, சேலையில் ஏறிவந்த பஞ்சுத் தூசிதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் மாறியது. தலைக்குக் குளிக்காமல் பிள்ளையைத் தொடமாட்டாள். மில்லுச் சேலை குளியலறைக்கு வெளியே ஓர் ஆணியில் தொங்கும், இரண்டு நாளுக்கு ஒருதடவை துவைப்பாள். தொட்டிலுக்குத் துவைத்த சேலைதான். பள்ளிக்கூடத்திலும் போய்க் கேட்டுவிட்டு வந்தாள், ஜூன் மாதம் இடம் தருகிறோம் என்றார்களாம். "ஜூன் வரைக்குந்தான்க்கா. அதுக்குள்ள பத்திரத்தை மீட்டுருவோம். அதுவரைக்கும் இவளுக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கங்க" என்றாள்.

சுஜிதாவுக்கு இதெல்லாம் தெரியுமா? சோப்பு வாசமடிக்கிற துணியில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தாயைத் தேடுவாள். கிடைக்காது. வீறிட்டு அழுவாள், அழ அழ விசில் கூடும்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை. இரண்டாவது ஷிப்ட்டுக்கு ஆள் போதாததால் தெரசாளையும் நிற்கச் சொல்லிவிட்டார்களாம், அந்த ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்ற வந்த வேன்காரர் மதியம் சொன்னார். பிள்ளை காலையிலிருந்தே அழுகை. தோளில் போட்டு நடந்தேன், கிலுகிலுப்பை ஆட்டினேன், தெருவில் ஆட்டைக் காட்டினேன். ஒன்றுக்கும் மசியவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவள் வீட்டுப் பின்பக்கம் ஆணியில் முந்தின நாள் களைந்த மில்லுச் சேலை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒருதடவைதானே என்று நினைத்தேன். வெயிலில் வைத்து நன்றாக உதறிவிட்டுத் தொட்டில் கட்டினேன்.

படுக்கப் போட்டதும் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டாள். ஒரு விம்மல், அவ்வளவுதான், தூங்கிவிட்டாள். மூன்று மணி நேரம் தூங்கினாள். நான் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். மோர் ஊற்றி இரண்டாம் தடவையும் சாப்பிட்டேன். அந்தச் சோறு இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது.

நாலு மணிக்கு விசில் கேட்டது. தூக்கிப் பார்த்தால் உதடு நீலம். முதல் காரியமாக நான் என்ன செய்தேன் தெரியுமா? சேலையை அவிழ்த்துப் பழையபடி ஆணியில் மாட்டினேன். அதற்குப் பிறகுதான் காருக்கு ஆள் விட்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் தெரசாள் மில்லிலிருந்து நேரே ஓடி வந்தாள். வார்டு வாசலோடு நின்றுவிட்டாள். உடம்பெல்லாம் பஞ்சு. உள்ளே கட்டிலில் சுஜிதா அவளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். "வாரேன்த்தா, இந்தா வாரேன், அம்மா குளிச்சிட்டு வாரேன்" என்று கதறிக்கொண்டே குழாயடிக்கு ஓடினாள். சேலையோடு தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு சொட்டச் சொட்ட வந்து தூக்கினாள். அப்போது பிள்ளைக்குக் கண் செருகிவிட்டது. மறுநாள் காலையில் எல்லாம் முடிந்தது. பிறவியிலேயே நெஞ்சு பலவீனம் என்றார் டாக்டர். அவர் சொன்னால் ஆச்சா?

பிள்ளையைக் கல்லறையில் வைத்து ஒரு வாரம் ஆகியிருக்கும். தெரசாள் வந்து என் கையில் நூற்றைம்பது ரூபாயை வைத்தாள்.

"எதுக்குத்தா இது?"

"இந்த மாசமும் பாத்துக்கிட்டீகள்ல."

வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் ஏன் வாங்கவில்லை என்று கேட்பாளே, அந்தப் பயத்தில் வாங்கினேன். அந்தப் பணத்தை இன்றுவரை நான் தொட்டதில்லை, அரிசிப் பானைக்கு அடியில்தான் கிடக்கிறது.

ஜூன் வந்தது. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். "சின்னப் பிள்ளைக பக்கத்துல எப்படிக்கா நிப்பேன்?" என்று சொல்லி மில்லிலேயே இருந்துவிட்டாள். கடன் அடைந்து பத்திரம் வீட்டுக்கு வந்தது. மதியத்தில் எங்காவது பிள்ளை அழுதால் நான் காதைப் பொத்திக்கொள்வேன். காற்றில் கதவு கிறீச்சிட்டால்கூட அந்த விசில்தான் கேட்கும்.

தொண்ணூற்றாறில் அவளுக்கு ஸ்டீபன் பிறந்தான். அதோடு மில்லை விட்டாள். ஐந்து மாதக் கைக்குழந்தையோடு ஒரு திங்கட்கிழமை காலையில் என் வாசலில் வந்து நின்றாள்.

"பழைய பள்ளிக்கூடத்துக்கே போறேன்க்கா. இவனைப் பாத்துக்கங்க."

"வேண்டாம்டி, என்கிட்ட விடாத. அன்னைக்கு நான்..."

"தெரியும்க்கா" என்றாள். "ஆணியில தொங்குன சேலையில தொட்டில் முடிச்சுப் போட்ட சுருக்கம் இருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் பாத்தேன்."

நாலு வருஷம்! நாலு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் இதை மனசில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"தெரிஞ்சும் எதுக்குடி என்கிட்ட கொண்டாந்து நிக்கிற?"

"இந்த ஊர்ல உங்களவிடப் பயந்து பாக்கிறவுக யாருக்கா இருக்கா?"

பிள்ளையை என் மடியில் கிடத்தினாள். முந்தின நாள் வீட்டில் புதுச் சாக்பீஸால் எழுதிப் பழகிப்பார்த்தபோது உடுத்தியிருந்த சேலையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பெல் அடிக்க நேரமாச்சு என்று போய்விட்டாள். நான் அந்தச் சேலையை முகத்தில் வைத்து முகர்ந்தேன். சாக்பீஸ் வாசம்தான் வந்தது. இருந்தாலும் வெயிலுக்குக் கொண்டுபோய் உதறினேன். பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டான், நான் இன்னும் உதறிக்கொண்டிருந்தேன்.