முலாம் போட்ட தாலி

அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று விழுப்புரத்தில் சேர்த்திருந்தார்கள். தியேட்டருக்குள் போகும்போது உடம்பில் குன்றிமணித் தங்கம்கூட இருக்கக் கூடாதாம். வயிற்றைக் கிழிப்பதற்கு அழாத அம்மா, நர்ஸ் தாலியைக் கழற்றச் சொன்னதற்கு அழுதாள். "வூட்டுக்கு வந்ததும் நானே கட்றேன், அழுவாத" என்று அப்பா அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தத் தங்கத்தை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, திண்டிவனம் வீட்டுக்குப் பின்னால் அப்பா கடை விரித்தார். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற அவருக்குக் கரண்ட் சொன்ன பேச்சைக் கேட்கும். பழைய பைக் பேட்டரி, இரண்டு வயர், புதுச்சேரியில் வாங்கிய முலாம் தண்ணீர் ஒரு கண்ணாடி டம்ளரில். அதே அச்சில் வார்த்த பித்தளைத் தாலி ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். அதைக் கறுப்பு வயரில் மாட்டித் தண்ணீருக்குள் மெல்ல ஆட்டுவது என் வேலை. எனக்கு ஒன்பது வயது.

"நிறுத்தாத பாப்பா, ஆட்டிக்கினே இரு. நின்னா திட்டுத்திட்டா புடிக்கும்."

பித்தளை பொன்னாக மாறியபோது நான் கைதட்டினேன். அசல் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. முந்தின நாள் கூட்டேரிப்பட்டில் எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, அவர் ஒயின்ஷாப் போய் வந்திருந்தார்.

"அம்மாகிட்ட சொன்னா அப்பா செத்துருவேன்" என்றார்.

நான் சொல்லவில்லை. அப்படியும் இரண்டே வருடத்தில் குடித்துக் குடித்துச் செத்துப்போனார்.

அம்மா வீடு திரும்பிய அன்று சாமி படத்துக்கு முன்னால் அவரே மூன்று முடிச்சுப் போட்டார். அம்மா தாலியை உள்ளங்கையில் ஏந்திக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள். ஏமாந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை.

அப்பா செத்த பதினாறாம் நாள் அம்மாவின் தாலியை அறுத்துப் பால் சொம்பில் போட்டார்கள். அத்தை, அப்பாவின் அக்கா, அதை எடுத்து முந்தானையால் துடைத்தாள். பின்பக்க ஓரம் வெளுத்திருந்தது.

"அய்யய்யோ, பித்தளடீ இது! என் தம்பி போட்ட தங்கத்த உங்கம்மா வூட்டுக்கா வாரிக் குடுத்த?"

வீடு நிறையப் பெண்கள். அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"ஆமாங்க அண்ணி. நான்தான் வித்துட்டேன்."

எனக்கு வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. ரத்தம் கட்டும்படி அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பாவி, ஒன்றும் தெரியாமல் செய்யாத குற்றத்தை ஏற்கிறாளே என்று கோபம் கோபமாக வந்தது. அன்றோடு அப்பா வழி உறவு அற்றது. கட்டினவன் தங்கத்தைத் தின்றவள் என்ற பேர் மட்டும் அம்மாவுக்கு நின்றது.

எனக்குக் கல்யாணமாகி முதல் வெள்ளிக்கிழமை. குளிக்கும்போது தாலிக்கு மஞ்சள் தேய்த்தேன். தேய்த்த கை அப்படியே நின்றுவிட்டது. வாராவாரம் தாலியை மஞ்சள் போட்டுத் தேய்க்கிற அம்மா, ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தேய்க்கவில்லை. கயிற்றுக்கு மட்டும் பூசிக்கொண்டு, தாலியைத் தண்ணீர் படாமல் தோளுக்குப் பின்னால் தள்ளிவிடுவாள். உடம்பு முடியாத சோம்பல் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.