கத்தரி டீச்சரும் லிஃப்ட் கட்டுரையும்

கத்தரி டீச்சரை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு காகிதக் கட்டுக்குப் பின்னால்தான். முகம் தெரியவில்லை, கொட்டாவி மட்டும் கேட்டது. டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தப் போட்டி அலுவலகம். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டி நடத்துவார்கள். இறுதிச் சுற்றைத் தொட்டுவிட்டால் விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும். அந்த ஒரு வரிக்காகப் பிள்ளைகள் அடித்துப் பிடித்து எழுதுவார்கள். மலைபோல் வந்து குவிவதில் முக்கால்வாசியை முதல் சுற்றிலேயே கழித்துக்கட்டுவது வாசிப்பாளர்களின் வேலை. கழிப்பதில் டீச்சர் கெட்டி. பட்டப்பெயர் வந்த வழி அதுதான்.

அன்று புதிதாக வேலைக்கு வந்திருந்த என்னிடம், ‘இன்றைய நவீன உலகில்’ என்று தொடங்காத கட்டுரை ஒன்று கிடைத்தால் தமக்கும் காட்டும்படி கேட்டுக்கொண்டார். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்குமாம்.

பகலில் டீச்சருக்குக் கல்லூரி. கல்லூரி என்றால் நிரந்தர வேலை இல்லை. யாராவது பிரசவத்துக்கோ பயிற்சிக்கோ விடுப்பில் போனால் அந்த வகுப்புகள் இவர் தலையில் விழும். அவர்கள் திரும்பி வந்தால் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஆசிரியர் அறையில் காலியாக இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, ஆள் வந்ததும் எழுந்து, வருடங்கள் ஓடிவிட்டன. போட்டி அலுவலகத்தில் மட்டும் ஜன்னலோர நாற்காலி அவருடையது. அதில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு நாற்காலியின் அருமை தெரியும். மற்றவர்களுக்கு அது வெறும் பிளாஸ்டிக்.

அந்த வருடம் டீச்சரின் அக்கா மகளும் போட்டிக்கு எழுதியிருந்தாள். விதிப்படி, உறவுக்காரப் பிள்ளை எழுதினால் வாசிப்பாளர் அந்த வருடம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அக்கா விஷயத்தைச் சொன்னபோது கட்டுகளைப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. டீச்சர் அலுவலகத்தில் அதைச் சொல்லவில்லை. கட்டுரைகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அக்கா லேசில் விடுகிற ஆளில்லை. பள்ளியோடு நின்று தையல் மெஷினில் உட்கார்ந்தவள்; தங்கை படித்ததே தன் கால் மிதித்த மிதியில்தான் என்பதை வாரம் ஒருமுறையாவது நினைவுபடுத்துவாள்.

“உன் கையில இருக்கிறத வெச்சுக்கிட்டு ஊருக்கே நியாயம் பேசுற. சொந்தப் பிள்ளைக்கு ஒண்ணு பண்ண மாட்டியா?” என்றாள்.

டீச்சர் தட்டைக் கழுவ எழுந்துபோனார்.

பொதுவான ஒன்றை யார் பராமரிப்பது என்பதுதான் அந்த வருடத் தலைப்பு. பூங்கா, சாலை, ஆறு என்று படித்துப் படித்து டீச்சருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நடுவில் ஒரு கட்டுரை, அடுக்குமாடிக் கட்டடத்தில் கெட்டுப்போன லிஃப்டைப் பற்றி. கீழ்வீட்டுக்காரர் தனக்கு எதற்கு லிஃப்ட் என்கிறார். மேல்வீட்டுக்காரர் தான் மட்டும் ஏன் ரிப்பேர் பார்க்க வேண்டும் என்கிறார். நடுவீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டுப் படியேறுகிறார். அலங்காரம் கிடையாது, மேற்கோள் கிடையாது. படித்தவருக்குக் கொட்டாவி வரவில்லை.

அக்கா வீட்டு லிஃப்ட் கெட்டுக் கிடப்பதும், ஞாயிறுதோறும் தாம் மூச்சு வாங்க அந்தப் படிகளில் ஏறுவதும் நினைவுக்கு வந்தன. இது நம் பிள்ளை எழுதியதுதான் என்று முடிவே கட்டிவிட்டார். நல்ல மதிப்பெண் போட்டால் அது உறவுக்குப் போட்டதாகிவிடும் என்று பயம். பயந்தவர் நடுவில் நிற்கவில்லை, மறுகோடிக்கே போய்விட்டார். இருபதுக்குப் பன்னிரண்டு எடுத்தால் அடுத்த சுற்று. டீச்சர் பதினொன்று போட்டு, முடிவுரை பலவீனம் என்று ஒரு குறிப்பும் எழுதினார். முடிவுரையில் ஒரு பழுதும் இல்லை. ஆனாலும் அன்று மாலை, நேர்மையாக நடந்துகொண்டோம் என்ற நினைப்போடுதான் பஸ் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் காய்கறிப் பையோடு படியேறி வந்து லிஃப்டைத் திட்டித் தீர்த்தாள். டீச்சர் சிரித்துக்கொண்டே, “அதான் பக்கம் பக்கமா எழுதிட்டியே, இன்னுமா கோவம் தீரல?” என்று கேட்டுவிட்டார்.

“எத எழுதினேன்?”

“லிஃப்ட.”

“அதுல எழுத என்ன சித்தி இருக்கு? நான் ஸ்கூல் கழிப்பறைய பத்தி எழுதினேன். அம்மாகூட உவ்வேன்னாங்க.”

கழிப்பறைக் கட்டுரை எதுவும் டீச்சரின் கட்டுக்குள் வரவே இல்லை. முன்பின் தெரியாத ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளையை, தன் பிள்ளை என்று நினைத்துத் தள்ளிவிட்டிருக்கிறார். அன்று டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று அக்காவிடம் சொன்னார்.

திங்கட்கிழமை மாலை இரண்டாம் சுற்றுப் பட்டியல் வெளியாவதாக இருந்தது. காலையிலேயே ஒருங்கிணைப்பாளரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். அந்தக் கட்டுரையை வேறொருவர் மறுபடி படிக்க வேண்டும் என்றார். காரணம் இல்லாமல் திறக்க முடியாது என்றார் அவர். டீச்சர் காரணத்தைச் சொன்னார், அக்கா மகள் எழுதியதையும் சேர்த்து.

ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். இரண்டு வாரமாகத் தூங்காத முகம்.

“டீச்சர், இத நான் கேட்டா உங்கள வேலையிலிருந்து எடுத்தாகணும். உங்க கட்டு மொத்தத்தையும் மத்தவங்க திருப்பிப் படிக்கணும். பதினொண்ணுன்னா பதினொண்ணுன்னு விட்டுருங்க. அந்தப் பிள்ளை வந்து உங்கள கேக்கப் போகுதா?”

“கேக்காது சார். அதனாலதான் நான் வந்தேன்.”

பட்டியல் தள்ளிப்போனது. டீச்சரின் கட்டைப் பங்குபோட்டுக்கொண்ட வாசிப்பாளர்கள் அவர் காதுபடவே முணுமுணுத்தார்கள். நல்லவளாக இருக்க ஆசைப்பட்டால் அதைக் கட்டைத் தொடும் முன்பே செய்திருக்கலாம் என்றார் ஒருவர். அதில் தப்பும் இல்லை. லிஃப்ட் கட்டுரைக்குப் புதிதாகப் படித்தவர் பதினாறு போட்டார் என்பது மட்டும், கைப்பையை எடுக்க வந்தபோது டீச்சர் காதில் விழுந்தது. எழுதிய பிள்ளை யார், ஆணா பெண்ணா என்றுகூட அவருக்குக் கடைசிவரை தெரியாது.

கழிப்பறைக் கட்டுரை முதல் சுற்றிலேயே நின்றுவிட்டது. அதைத் திருத்தியவர் வேறு யாரோ. ஆனால் அக்காவிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. மூன்று மாதம் தங்கையிடம் முகம் கொடுக்கவில்லை.

டீச்சர் இப்போது காலையில் ஒரு கல்லூரி, மதியம் ஒரு டுடோரியல் என்று பஸ் மாறி மாறிப் பாடம் எடுக்கிறார். இரண்டுமே நிரந்தரமில்லை. போட்டிக்காரர்கள் அவரை மறுபடி அழைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அக்கா மகள் கட்டுரை எதுவும் கேட்காத ஒரு கல்லூரியில் கணக்கியல் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.