புஷ்பவதி டீச்சரின் மூன்றாம் தடவை

எல்கடுவ தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் புஷ்பவதி டீச்சருக்கு வயது முப்பத்தெட்டு. என்னைவிட ஏழு வயது மூத்தவர். சனிக்கிழமைகளில் மட்டும் என் மாணவி. மாத்தளையில், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வெளிவாரிப் பட்டப்படிப்புக்கு வகுப்பு நடத்தும் நிலையமொன்றில் நான் பௌதிகம் எடுக்கிறேன். மற்ற எல்லாப் பாடங்களிலும் டீச்சர் பாஸ். அணுக்கருவும் துணிக்கைகளும் பற்றிய ஒரு பேப்பர்தான் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. மூன்றாம் தடவையே கடைசி. அதிலும் விழுந்தால் ஆறு வருடப் படிப்பும் போச்சு.

இரண்டாம் தடவை பெறுபேறு வந்த அன்று, "ஒங்களுக்கு அடிப்படையே இல்ல டீச்சர்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் கோபிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் முதல் பஸ்ஸில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

இந்த வருடம் வினாத்தாளை ஒரே பாடநூலை வைத்துத் தயாரிப்பதாக முடிவானது. எந்த நூல் என்று தெரிவுசெய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கையில் இரண்டு இருந்தன. ஒன்று பழசு. கறுப்பு வெள்ளை, படங்கள் குறைவு, செய்துகாட்டிய கணக்குகள் நிறைய. வாசித்தால் கொட்டாவி வரும். மற்றது புதுசு. வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். பார்த்ததும் மயங்கிவிட்டேன் என்பதே உண்மை. அதைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதி, எங்கள் நிலைய இணைப்பாளர் விஜேந்திரன் சேருக்கு அனுப்பினேன். மாதிரிக்கு ஓர் அத்தியாயத்தை ஹாஷிம் நானாவின் போட்டோகொப்பிக் கடையில் கொப்பி எடுத்துப் படிக்கச் சொல்லி, வகுப்பில் சின்னப் பரீட்சையும் வைத்தேன். புஷ்பவதி டீச்சருக்குப் பூச்சியம்.

அன்று சனிக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு நூலின் பெயரைப் பரீட்சைக் குழுவுக்கு அனுப்பிவிடுவதாகச் சேர் சொல்லியிருந்தார். பதினொன்றேகாலுக்கு டீச்சர் விடைத்தாளும் கொப்பியுமாக என் மேசைக்கு வந்தார்.

"புள்ளி வேணாம் மிஸ். எங்க பிழைன்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்ல என்ன இருக்கு? சிவப்புக் கோடு, புரோத்தன்கள் ஒன்னையொன்னு தள்றதால வாற சக்தி இழப்பு. நீலம், மேற்பரப்பால வாற இழப்பு. படத்துக்குக் கீழேயே போட்டிருக்கு. நீங்க ரெண்டையும் மாத்தி வாசிச்சிருக்கீங்க."

"சிவப்பு எது மிஸ்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கொப்பியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். இரண்டு கோடுகளும் ஒரே சாம்பல் நிறம். அடுத்த பக்கத்தில் புரோத்தனும் நியூத்திரனும்கூட ஒரே சாம்பல் உருண்டைகள். பின்வரிசைவரை போய் எல்லாருடைய கொப்பிகளையும் புரட்டினேன். எல்லாம் அதே. மற்றவர்கள் குருட்டாம்போக்கில் சரியாக எழுதியிருக்கிறார்கள். டீச்சருக்கு மட்டும் அது பிழையாகிவிட்டது.

"அப்ப போன கெழம வெளங்குதான்னு கேட்டப்ப எல்லாரும் ஏன் தலையாட்டினீங்க?"

டீச்சர்தான் சொன்னார்.

"கேட்டா, இதுகூட தெரியாமயா டிகிரி செய்ய வந்தீங்கன்னு கேப்பீங்க மிஸ்."

கேட்டிருப்பேன்தான். மூலப் புத்தகம் வாங்க இங்கே யாருக்கும் வழியில்லை. கறுப்பு வெள்ளைக் கொப்பியில்தான் எல்லாரும் படிக்கிறார்கள். நானும் அப்படிப் படித்து வந்தவள்தான். அது எப்படி மறந்துபோனது என்று என்மீதே ஆத்திரம் வந்தது.

சேருக்கு அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. கல்யாண வீடொன்றுக்காக வில்கமுவவுக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் போய்விட்டால் சிக்னல் இருக்காது. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. டீச்சரும் தன் போனில் முயன்றார். பதினொன்று ஐம்பத்திரண்டுக்குச் சேர் எடுத்தார்.

"சேர், புது புத்தகம் வேணாம். பழசப் போடுங்க."

"என்ன வெளையாட்டா மிஸ்? ரெண்டு பக்கம் புகழ்ந்து எழுதினது யாரு?"

"நான்தான் சேர். பிழையும் என்னோடதுதான். கொப்பியில படம் வெளங்குறதே இல்ல..."

லைன் அறுந்தது. கேட்டாரா, கேட்கவில்லையா? திரும்ப எடுத்தால் தொடர்பே இல்லை. டீச்சர் ஜன்னலோரம் நின்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் செய்தி வந்தது: பழையதை அனுப்பியாச்சு.

எனக்கு உயிர் வந்தது. "தப்பிச்சோம் டீச்சர்" என்று வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான், "ஆமா, போன ரெண்டு தடவையும் எந்தப் புத்தகத்தப் படிச்சீங்க?" என்று கேட்டேன்.

"புத்தகம் எங்க மிஸ்? ஒங்க நோட்ஸத்தான் கொப்பி எடுத்துப் படிச்சேன்."

பையிலிருந்து நைந்துபோன கட்டொன்றை எடுத்து வைத்தார். என் கையெழுத்து. நான்கு நிறப் பேனாக்களால் ஆசை ஆசையாக வரைந்த என் படங்கள், எல்லாம் சாம்பலாக. 'பச்சைக் கோட்டைக் கவனிக்க' என்று நான் எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு வரி இருந்தது. அடுத்த படத்திலும், அதற்கடுத்ததிலும் அதே வரி.

'மிஸ்ஸிடம் கேட்க வேண்டும்.'

எனக்கு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் என்னிடம் அதைக் கேட்டதில்லை.