காகத்துக்கு ஒரு சூட்டுத்தட்டு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையைத் தாண்டிய முதல் ஆள் நான். கம்பஸ் வரை போய் மின்னியலும் படித்தேன். அந்தப் படிப்பை வீட்டில் முதன்முதலாகக் காட்டியது காகங்களுக்குத்தான். அதில் எனக்கு இன்றும் பெருமை.

அம்மா தன் தகப்பனுக்காக அமாவாசை விரதம் பிடிப்பவர். காகம் சோறு எடுக்காமல் அவர் வாயில் ஒரு பருக்கை போகாது. எங்கள் ஊர் கொழும்புத்துறையில் மழை பிடித்தால் மதிலில் வைத்த சோறு கஞ்சியாகிவிடும்; காகமும் திரும்பிப் பாராது. போன அமாவாசைக்குப் பொழுதுபடும்வரை பட்டினி கிடந்து, தலைசுற்றி விழப்பார்த்தார்.

இந்தமுறை விடுவதில்லை என்று, ஒரு பிஸ்கட் ரின்னின் தகர மூடிக்கு அடியில், மின்சாரம் ஓடினால் சூடேறும் தடையிகளை ஒட்டி, அண்ணையின் மோட்டார் சைக்கிள் பற்றரியோடு இணைத்தேன். பன்னிரண்டு வோல்ட்தான், தொட்டால் கரண்ட் அடிக்காது. மேலே சின்னத் தகரக் கூரை. மூடி இதமாகச் சுட்டது. முற்றத்தில் துள்ளினேன்.

விரதத்துக்கு முதல்நாள் சோதனை. காகம் கெதியாக வரட்டும் என்று சூடைமீன் தலைகளை வைத்தேன். கொட்டும் மழைக்குள்ளும் அடிபட்டுக்கொண்டு வந்தன!

மறுநாள் மத்தியானம், மழை. சோற்றோடு வந்த அம்மா மூடியை மணந்து பார்த்தார்.

"எடி பிள்ளை, என்ன மச்சம் மணக்குது?"

"நேற்று மீன்தலை வைச்சுப் பாத்தனான்…"

"மச்சம் பட்ட தட்டிலை என்ரை அப்புவுக்கு விரதச் சோறோ? கம்பசிலை இதையோ படிப்பிச்சவை?"

"என்ரை பற்றரியும் இறங்குது, அம்மான்ரை சாப்பாடும் போச்சு. நல்ல எஞ்சினியர்!" என்றார் அண்ணை.

அம்மாவின் முகம் ஏற்கெனவே வாடியிருந்தது. திறக்காத புது ரின் ஒன்றை உடைத்தேன். பிஸ்கட்டை அண்ணையின் வாயில் அடைத்து அவர் கதையை நிறுத்தினேன். தடையிகளைப் பிடுங்கிப் புது மூடியின் அடியில் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். மேலே வாழையிலைத் துண்டு, சோறு, பருப்பு, நெய். கொஞ்ச நேரத்தில் நெய் உருகி மணந்தது.

"கா… கா…" என்று அம்மா கூப்பிட்டார்.

ஒரு காகம் கூரையில் குந்தியது. தலையைச் சரித்து வயரைப் பார்த்தது. கதவுக்குப் பின்னால் மூன்று பேரும் மூச்சை அடக்கி நின்றோம். குதித்தது. கொத்தியது. பிறகு ஊர்க்காகமெல்லாம் வந்தது. அண்ணை விசிலடித்தார், நான் அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன்.

"விடடி, பசியிலை விழப்போறன்!"

ஓடிப்போய்த் தன் சாப்பாட்டு இலைக்கு முன்னால் இருந்த அம்மா, முதல் பிடியை வாயில் வைத்ததும் நிமிர்ந்தார்.

"காகத்துக்குச் சுடுசோறு, பெத்தவளுக்கு ஆறின சோறோ? எனக்கும் ஒண்டு செய்து தாடி!"