பீடிக்குப் பதில் புளியங்கொட்டை

இன்று மாலை செங்கல்பட்டில் என் வாடகை அறையில் நானும் கூடத் தங்கியிருக்கும் நண்பரும் இருந்தோம். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா போன வருஷம் காலமாகிவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து புளியங்கொட்டை வறுக்கும் மணம் வந்தது. அதற்குப் பிறகு நண்பர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சவுக்குத் தோப்பில் மரம் வெட்டியவர் நைனா. ஒரு பீடி அணைந்தால் அடுத்ததைப் பற்றவைப்பார். அந்தப் புகையில் கைக்குழந்தையான என் தங்கைக்கு மூச்சு இளைத்தது.

"உனக்கு பீடி வோணுமா, பொண்ணு வோணுமாய்யா? ரெண்டையும் ஒரே கையால தொடாத," என்றாள் அம்மா.

நைனா அன்றே பீடியை விட்டார். ஆனால் பீடி செருகி வைக்கும் காதுக்கே கை போகும். அங்கே ஒன்றுமில்லை என்றதும் எங்கள்மேல் எரிந்து விழுவார். அம்மா வறுத்த புளியங்கொட்டையை நீட்டுவாள்.

"இந்தா, இத்த மெல்லு. எங்கள மெல்லாத."

நைனாவுக்கே சிரிப்பு வந்துவிடும். சாயங்காலம் கடற்காற்றில் மணல்மேல் உட்கார்ந்து, கடக் கடக்கென்று கடித்தபடியே எங்களுக்குக் கதை சொல்வார். தங்கை அவர் மார்பில் இளைப்பில்லாமல் தூங்குவாள். அந்தச் சத்தத்தை இன்னொரு தரம் கேட்க மாட்டோமா என்றிருக்கிறது.

பீடியை அவர் மறுபடி தொடவே இல்லை. அதற்கு எங்கள் வீடு கொடுத்த விலை, நைனாவின் கடைவாய்ப் பற்கள் இரண்டு.